பேப்பர் போட்ட பிறகு வரும் காய்ச்சல்

சென்னையின் மென்பொருள் நிறுவனங்களில் ராஜினாமா செய்வதைப் ‘பேப்பர் போடுவது’ என்பார்கள். பேப்பர் போட்ட நாளிலிருந்து பல நிறுவனங்களில் 90 நாள் நோட்டீஸ் பீரியட் ஓடும். அந்த மூன்று மாதத்தின் நடுவே ஒரு திங்கட்கிழமை காலையில், உடம்புக்கு எந்தக் குறையும் இல்லாத ஒருவர் ‘காய்ச்சல், இன்றைக்கு வர முடியாது’ என்று மேலாளருக்குச் செய்தி அனுப்புகிறார். மறுநாளும் அனுப்புகிறார். மிச்சமிருக்கும் சிக் லீவ் தீரும்வரை இது நடக்கிறது. கேட்டால், ‘என் லீவ்தானே? எடுக்காமல் போனால் வீண்தானே?’ என்ற பதில் வரும். அந்தப் பதிலில் ஓரளவு நியாயம் இருக்கிறது. எந்த அளவு என்பதுதான் பார்க்க வேண்டியது.

1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் விடுப்பை மூன்றாகப் பிரிக்கிறது. பன்னிரண்டு மாதம் தொடர்ந்து உழைத்தவருக்கு அடுத்த ஆண்டில் சம்பளத்துடன் 12 நாள் விடுமுறை. தகுந்த காரணம் எதற்கும் 12 நாள் வரை தற்செயல் விடுப்பு. நோய் கண்டாலோ விபத்தில் அடிபட்டாலோ 12 நாள் வரை இன்னொரு விடுப்பு. முதலாவது உழைத்துச் சம்பாதித்தது. அதை எப்படிக் கழித்தாலும் யாரும் கேள்வி கேட்கக் கூடாது. மூன்றாவது அப்படியல்ல. அது நோய் வந்தால் மட்டும் திறக்கும் கதவு. ஆண்டு முழுக்க விபத்தே நடக்கவில்லை என்பதற்காக வண்டிக்குக் கட்டிய காப்பீட்டுத் தொகையை யாரும் திரும்பக் கேட்பதில்லை. சிக் லீவும் அந்த வகைதான். அதைச் சேமிப்புக் கணக்கைப் போல எண்ணுவதில்தான் பிழை தொடங்குகிறது.

ஆனால், ஊழியரைப் பொய்யர் என்று முத்திரை குத்திவிட்டு நகர்ந்துவிடவும் முடியாது. அதே 1947 சட்டம், குறைந்தது ஆறு மாதம் தொடர்ந்து பணியாற்றிய ஒருவரை நீக்க முதலாளி ஒரு மாத நோட்டீஸ் தர வேண்டும், அல்லது அதற்கு ஈடான சம்பளம் தர வேண்டும் என்கிறது. ஊழியரிடம் கேட்கப்படும் 90 நாளோ, வேலையில் சேரும் அவசரத்தில் அவர் கையெழுத்திட்ட ஒப்பந்தத்திலிருந்து வருகிறது. நோட்டீஸ் காலத்தில் லீவ் எடுத்தால் கடைசி நாளைத் தள்ளிப்போடும் நிறுவனங்கள் உண்டு. ரிலீவிங் லெட்டர் இல்லாமல் புதிய இடத்தில் சேர்வது கடினம் என்பதால், எதிர்த்துப் பேசவும் தயக்கம். வேலையை விட்டவருக்கு இரண்டு வேலை நாளுக்குள் சம்பள பாக்கியைத் தீர்க்க வேண்டும் என்று 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு சொல்கிறது. செட்டில்மென்ட் வாரக்கணக்கில் இழுபட்ட அனுபவமோ பலருக்கும் உண்டு. இவ்வளவையும் தாங்கிக்கொண்டிருப்பவருக்கு வரும் கோபம் நியாயமானது.

கோபம் நியாயம் என்பதால் பொய்யும் நியாயமாகிவிடாது. அந்த 90 நாள் விதியை எழுதியவருக்கு ஒரு ஊழியரின் பொய்க் காய்ச்சலால் எந்த நட்டமும் இல்லை. அந்த ஊழியரின் பெயர்கூட அவருக்குத் தெரியாது. நட்டம் பக்கத்து இருக்கையில் இருப்பவருக்கு. இரவு ஷிப்டில் வாடிக்கையாளரின் சர்வர் நின்றுபோனால், பகல் முழுவதும் வேலை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனவரைத்தான் எழுப்புவார்கள். கே.டி. எனப்படும் பொறுப்பு ஒப்படைப்பு முடியாமல் கிளம்பியவரின் பழைய குறிப்புகளைப் புரட்டிக்கொண்டு அவர் விடியும்வரை உட்கார்ந்திருப்பார். மருத்துவமனையில் இது இன்னும் கடுமை. ராஜினாமா செய்த செவிலியர் ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் வராமல் போனால், அவர் பார்த்த நோயாளிகளை மற்ற செவிலியர்கள் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். மாற்று ஆள் வராததால் இரவு ஷிப்ட் முடித்தவரே பகலிலும் தொடர வேண்டியிருக்கும். அவரும் அதே சம்பளத்தில், அதே நெருக்கடியில் வேலை பார்ப்பவர். நிர்வாகத்தின் மீதுள்ள கணக்கை அவர் தோளில் ஏற்றுவது எப்படிச் சரியாகும்?

சுமை அவரோடு நிற்பதில்லை, பின்னால் மெய்யாகவே நோயுறப்போகும் ஊழியர்கள் மீதும் விழுகிறது. ஜெர்மனியில் நடந்த வழக்கு ஒன்று இதைக் காட்டுகிறது. அங்கே ஒரு பெண் ஊழியர் 2019 பிப்ரவரி 8-ஆம் தேதி, பிப்ரவரி 22-உடன் விலகுவதாக ராஜினாமா கொடுத்தார். அதே 8-ஆம் தேதியிட்ட மருத்துவச் சான்றையும் கொடுத்தார். சான்று காட்டிய நோய்க்காலமும் நோட்டீஸ் காலமும் நாள் பிசகாமல் ஒன்றாக இருந்தன. நிறுவனம் சம்பளம் தர மறுத்தது. தாம் பணிச்சோர்வின் (burnout) விளிம்பில் இருந்ததாக அவர் வாதாடினார். கீழ் நீதிமன்றங்கள் அவர் பக்கம் நின்றன. எர்ஃபுர்ட் நகரிலுள்ள கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றம் 2021 செப்டம்பர் 8 அன்று அதை மாற்றியது. இரண்டு காலமும் இப்படிப் பொருந்துவதே சான்றின் நம்பகத்தன்மையைக் குலைக்கிறது, நோயை ஊழியர்தான் நிரூபிக்க வேண்டும் என்றது. அவரால் போதிய விவரம் தர முடியவில்லை. அவர் உண்மையிலேயே நோயுற்றிருந்தாரா என்பது வெளியில் இருப்பவர்கள் தீர்ப்பளிக்கக்கூடிய விஷயமல்ல. ஆனால் ராஜினாமாவுக்குப் பின் மெய்யாகவே படுத்துவிடும் ஊழியர், மருத்துவர் எழுதிக் கொடுத்த தாளை நீட்டியும் நம்பப்படாமல் நிற்க நேரலாம். முன்னே சென்றவர்களின் பொய்களுக்கும் அந்தச் சந்தேகத்தில் பங்குண்டு.

இந்தியாவில் இன்னொருவரும் மாட்டுகிறார். பொய்யான சான்றில் கையெழுத்திடும் மருத்துவரின் பெயரைப் பதிவேட்டிலிருந்தே நீக்கலாம் என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. தெருமுனை கிளினிக்கில் ‘ரெண்டு நாளைக்கு எழுதிக் குடுங்க டாக்டர்’ என்று கேட்பவர், ஒருவரின் தொழிலையே பணயம் வைக்கச் சொல்கிறார்.

பேப்பர் போட்டவர் எடுக்கும் சிக் லீவ் எல்லாமே பொய் என்று கொள்வதும் அநியாயம். பலர் வேலையை விடுவதே உடம்பும் மனமும் ஓய்ந்துபோனதால்தான். தீராத பணி அழுத்தத்தால் வரும் சோர்வை உலக சுகாதார அமைப்பு 2019-இல் ஏற்ற தன் நோய் வகைப்பாட்டில் தனி நோயாக அல்ல, பணி சார்ந்த நிலையாகவே குறித்தது. பெயர் எதுவானாலும், தூக்கம் தொலைத்து, அலுவலக வாசலைக் கண்டாலே நெஞ்சு படபடக்கும் ஒருவர் விடுப்பு எடுப்பதில் பொய் இல்லை. காய்ச்சல் என்று அவர் நடிக்க வேண்டியதும் இல்லை. ‘உடல்நலம் சரியில்லை’ என்பதே முழு உண்மை. அதற்கு மேல் மேலாளர் துருவிக் கேட்க ஒன்றும் இல்லை.

கடினமான இடம் ஒன்று மிஞ்சுகிறது. பேப்பர் போட்ட ஒருவரின் அம்மாவுக்கு அறுவை சிகிச்சை. ஈட்டிய விடுப்பு கேட்டால், நோட்டீஸில் லீவே கிடையாது என்கிறார் எச்.ஆர். தனக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு மகன் மருத்துவமனைக்குப் போகிறார். இந்தப் பொய்யின் பெரும்பங்கு, கேட்டவருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்க மறுத்தவரைச் சேரும். மகன் போனதைக் குற்றம் என்று சொல்ல மனம் ஒப்பாது. ஆனால் நிர்வாகத்திடம் சொல்ல முடியாத உண்மையை, தன் வேலையைச் சுமக்கப்போகும் சக ஊழியரிடம் சொல்ல முடியும். பாதியில் நிற்கும் வேலை எது, எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது, எத்தனை மணிக்குப் போனில் கிடைப்பார் என்பதை முந்தின நாளே அவரிடம் உட்கார்ந்து சொல்லிவிட்டுப் போகவும் முடியும்.