ஆறுதல் கொள்வது அறமாகுமா?

நிலையாமையைப் பேசாத அறநூல் தமிழில் அரிது. செல்வம் நில்லாது, இளமை நில்லாது, யாக்கை நில்லாது என்று நாலடியார் மூன்று அதிகாரங்களில் முறைப்படுத்தி உரைக்கிறது. திருக்குறளும் துறவறவியலில் நிலையாமைக்கென ஓர் அதிகாரம் வகுத்துள்ளது. ஆயினும் இவ்வறிவுரைகள் பெரும்பாலும் இனி இறக்கவிருப்பவர்க்கு உரைக்கப்பட்டவை. நாள் உள்ளபோதே நல்லது செய்க என்பதே அவற்றின் சாரம். அன்புக்குரியவரை இழந்து பின்னே நிற்பவர், அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமையை எவ்வாறு கழிப்பது என்னும் சிறிய வினாவுக்கு அவற்றில் நேரான விடை இல்லை.

சிறிய வினாவே, எனினும் அதனுள் பெரிய அறக்கேள்வி ஒன்று அடங்கியுள்ளது. கணவனை இழந்த ஒருத்தி நான்காம் மாதத்தில் உறவினரின் வற்புறுத்தலுக்கு இணங்கி ஊர்ப்புறம் செல்கிறாள் என்று கொள்வோம். வரப்பில் நடக்கையில் பிள்ளை சொன்ன ஏதோ ஒரு சொல்லுக்குச் சிரித்துவிடுகிறாள். மறுகணம் அவள் முகம் இருள்கிறது. பிறர் எவரும் அவளைக் கடியவில்லை. அவளே தன்னைக் கடிந்துகொள்கிறாள். அவர் இல்லாத உலகில் எனக்குச் சிரிப்பு வரலாமா என்பதே அவள் உள்ளத்தில் எழுந்த வழக்கு. ஆறுதல் கொள்வது இறந்தவர்க்கு இழைக்கும் துரோகமா? அன்றி, அதுவும் ஓர் அறமா? இதுவே நாம் ஆராய வேண்டுவது.

சாட்சியற்ற துயர்

சொந்த ஊரில் ஒரு சாவு நிகழ்ந்தால் தெருவே கூடும். பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் பற்றி ஒப்பாரி வைப்பர். வாசலில் கோலம் நின்றுவிடும். அதைக் கண்டே அவ்வழிச் செல்வோர் குரலைத் தாழ்த்துவர். காரியங்கள் ஆற்றங்கரையிலும் குளக்கரையிலும் நிகழும். நம் சடங்குகளே துயருற்றவரை நான்கு சுவர்களுக்குள் விட்டுவைக்காமல், நீரும் மரமும் வானமும் உள்ள இடத்திற்குக் கையைப் பிடித்து அழைத்துச் செல்கின்றன என்பது கருதத்தக்கது.

வெளிமாநிலங்களில் வாழும் நம் நிலை வேறு. கொல்கத்தாவில் செய்தி கேட்டு ஹௌராவில் ரயிலேறினால், சென்னை சேர ஒரு பகலும் ஓர் இரவும் கழிகின்றன. அங்கிருந்து ஊருக்கு மேலும் சில மணி நேரம். முகத்தைக் காணும் முன்பே எல்லாம் முடிந்துவிடுவதும் உண்டு. காரியம் முடித்துத் திரும்பினால், இங்கே அண்டை வீட்டார் அன்பானவரே. ஆனால் மறைந்தவரை அவர்கள் கண்டதில்லை. அம்மாவின் குரல் எவ்வாறு ஒலிக்கும் என்று அறிந்தவர் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒருவரும் இல்லை. உரக்க அழுதால் பக்கத்துக் கதவு திறக்குமோ என்று வாயைப் பொத்திக்கொண்டு அழ வேண்டியுள்ளது. ஊரிலிருந்து கொண்டுவந்த பெட்டியில் அம்மாவின் நூற்சேலை ஒன்று கிடக்கிறது. அதை உடுத்தவும் மனம் இல்லை; பிறர்க்குக் கொடுக்கவும் மனம் இல்லை. இது சாட்சியற்ற துயர். சாட்சி இல்லாத இடத்தில், நான் அழுவதை நிறுத்திவிட்டால் அம்மா இருந்ததற்கே அடையாளம் இல்லாமற் போகும் என்ற அச்சம் எழுவது இயல்பு. ஆறுதலைத் துரோகமெனக் கருதும் எண்ணம் இவ்வச்சத்திலிருந்தே பிறக்கிறது.

மறத்தல் வேறு, ஆறுதல் வேறு

நம் மொழி இங்கே நமக்கு ஒளி தருகிறது. புண் ஆறியது என்கிறோம்; புண் மறைந்தது என்று சொல்வதில்லை. ஆறிய புண்ணுக்கு வடு உண்டு. கொதிக்கும் பால் ஆறுகிறது; ஆறிய பின்னும் அது பாலே. எனவே ஆறுதல் என்பது இழப்பை நீக்குவதன்று. இழப்போடு வாழத்தக்க வெப்பத்திற்கு உள்ளம் வருவதேயாம். மறத்தலோ வேறு. மறந்தவனுக்கு வடுவும் இல்லை, நினைவும் இல்லை. ஆறுதல் கொண்டவனோ வடுவைத் தடவிப் பார்த்து, வலியின்றி அப்பெயரைச் சொல்ல வல்லவன். பெயரைச் சொன்னாலே தொண்டை அடைக்கும் நாட்களில் நாம் இறந்தவரைப் பற்றி எவரிடமும் பேசுவதில்லை. ஆறிய பின்னரே பேரப்பிள்ளைக்குப் பாட்டியின் கதையைச் சொல்கிறோம். ஆகவே நினைவைக் காப்பதற்கே ஆறுதல் வேண்டப்படுகிறது.

முல்லையும் நிலவும்

எனினும் இயற்கை எப்போதும் ஆறுதல் அளிக்குமா? புறநானூற்றில் ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன் இறந்தபோது குடவாயிற் கீரத்தனார் பாடிய கையறுநிலைப் பாட்டு ஒன்று உண்டு. தலைவன் மாய்ந்த நாட்டில் முல்லைக்கொடி வழக்கம்போல் பூத்திருப்பதைக் கண்டு, சூடுவார் இல்லாத இந்நிலத்தில் நீயும் பூத்தாயோ என்று அதனை நோக்கிப் புலவர் வினவுகிறார். உலகம் நில்லாமல் நடப்பது அவருக்குப் புண்ணில் கோல் இட்டது போல் இருந்தது. துயரின் முதல் நாட்களில் நாமும் அவ்வாறே உணர்கிறோம். பால்காரர் வருகிறார், பள்ளி மணி அடிக்கிறது, மரம் தளிர்க்கிறது. இவை யாவும் இழிவுபடுத்துவனவாகத் தோன்றுகின்றன.

இதற்கு மறுதலையான சான்று வங்கத்தில் உண்டு. கவி ரவீந்திரநாத் தாகூர் 1902இல் மனைவியை இழந்தார். 1903இல் மகள் ரேணுகாவை இழந்தார். 1907இல் இளைய மகன் சமீந்திரனை வாந்திபேதிக்குப் பறிகொடுத்தார். கால் நூற்றாண்டுக்குப் பின், 1932இல் பேரனும் மறைந்தபோது, அப்பேரனின் தாயாகிய மகள் மீராவுக்கு எழுதிய கடிதத்தில் அவர் பழைய இரவு ஒன்றை நினைவுகூர்ந்தார். சமீந்திரன் இறந்த மறுநாள் இரவு ரயிலில் வரும்போது, வானம் முழுதும் நிலவு பொழிவதைக் கண்டாராம்; எங்கும் எதுவும் குறைந்ததாகத் தோன்றவில்லையாம்; அனைத்தும் அம்முழுமைக்குள் இருக்கின்றன, தாமும் அதற்குள் இருக்கிறோம், அதற்கென ஆற்றவேண்டிய பணியும் எஞ்சியிருக்கிறது என்று மனம் சொல்லிற்றாம்.

ஒருவருக்குக் கொடுமையாகத் தோன்றிய அதே குறைவின்மை மற்றவர்க்கு அடைக்கலம் ஆயிற்று. முல்லையும் நிலவும் தம் இயல்பில் மாறவில்லை; நிற்கும் இடம் மாறியது. வெளியே நின்று நோக்குபவனுக்கு இயற்கை இரக்கமற்றது. அதற்குள் தானும் தன் மாண்டவரும் அடக்கம் என்று உணர்பவனுக்கு அது வீடு. இவ்விட மாற்றத்தை எவரும் கட்டளையிட்டு நிகழ்த்த முடியாது. ஆனால் முல்லையைக் கடிந்துகொள்வதற்கும் முதலில் வீட்டை விட்டு வெளியே சென்று முல்லையைக் காண வேண்டும் அன்றோ?

ஊர்ப்புறம் செல்வதன் பயன் இதுவே. போல்பூர்ப் பக்கத்துச் செம்மண் ஓடைகளில் நடந்தவர் அறிவர். மழை அரித்த அந்நிலம் தன் காயத்தை மறைப்பதில்லை. சரத்காலத்தில் காசப்புல் வெண்மையாகப் பூத்து, நம்மூர் நாணலை நினைவூட்டும். குளிர்காலத்தில் ஈச்சமரத்தைச் சீவிக் கலயம் கட்டுவர். சீவிய இடத்திலிருந்தே இனிய சாறு சொட்டும். இவை எவையும் நமக்கு உபதேசம் செய்வதில்லை. வீட்டில் ஒவ்வொரு நாற்காலியும் ஒருவரின் இன்மையைச் சொல்லும். வயலோ எதையும் வினவாமல் நம்மை ஏற்றுக்கொள்ளும். அவ்வமைதியில் துயர் சிறியதாவதில்லை. அதைத் தாங்கும் இடம் பெரிதாகிறது.

கையறு நிலையும் ஊசியும்

இரங்கற்பாவுக்கு நம் முன்னோர் இட்ட பெயர் கையறுநிலை. செயலற்றுப் போதலைக் கை அறுதல் என்றனர். இச்சொல்லின் கூர்மை வியக்கத்தக்கது. துயர் முதலில் தாக்குவது கையைத்தான். நாள்தோறும் கோலமிட்ட கை, மருந்து எடுத்துக் கொடுத்த கை, தலைவாரிவிட்ட கை திடீரெனச் செய்வதற்கு ஒன்றுமின்றி மடியில் கிடக்கிறது. அக்கைக்கு மீண்டும் ஒரு வேலை தருவது ஆறுதலின் தொடக்கம்.

வங்கப் பெண்கள் அதற்கு ஒரு வழி கண்டுள்ளனர். அதுவே காந்தா எனப்படும் தைத்த போர்வை. பெயரைக் கேட்டவுடன் நம் கந்தை என்னும் சொல் செவியில் ஒலிக்கும். பொருளும் தொலைவில் இல்லை. உடுத்து உடுத்து, துவைத்துத் துவைத்து மென்மையான பழஞ்சேலைகளையும் வேட்டிகளையும் பல அடுக்காக விரித்து, பழஞ்சேலைக் கரையிலிருந்தே வண்ண நூலை உருவி, உள்ளே இறங்கி வெளியே ஏறி ஓடும் எளிய தையலால் இணைப்பர். நடுவே தாமரை, மூலைகளில் மரம், இடையிடையே மீனும் தேரும் யானையும் அமையும். தையல் நெருங்க நெருங்கத் துணியில் நீரலை போன்ற சுருக்கம் எழும். குளிருக்குப் போர்த்தும் கனத்த காந்தாவை லேப் என்பர். பிறந்த குழந்தையைக் கிடத்தவும் காந்தாவே. பழஞ்சேலையில் தூளி கட்டும் நமக்கு அதன் கருத்து உடனே விளங்கும்: புதுத்துணி உடலை மூடும், பழந்துணியோ உடுத்தியவரின் வெம்மையோடு அணைக்கும்.

துயருற்றவர் கையில் இது பெறும் பொருளை எண்ணிப் பாருங்கள். பெட்டிக்குள் கிடந்த அம்மாவின் சேலை உடுத்தப்படவும் இல்லை, தூக்கி எறியப்படவும் இல்லை, அது போர்வையாகிறது. வெட்டும்போது கை நடுங்கும். ஆயினும் இழப்பின் பின் நாம் செய்யவேண்டியது இதுவே அன்றோ? பழைய உருவில் எதையும் வைத்திருக்க இயலாது. வேறு உருவில், பயன்படும் உருவில் வைத்துக்கொள்ளலாம். ஒரு போர்வை ஒரு நாளில் முடியாது. பல மாதம் ஆகும். ஆறுதலும் அவ்வாறே, ஒரு நேரத்தில் ஒரு தையல்.

ஒருவரின் இழப்பு, பலரின் பணி

தையலறியாத ஆடவரும் இவ்வழியில் நடக்கலாம் என்பதற்குக் குருசதய் தத்தர் வாழ்வு சான்று. அவர் இந்தியக் குடிமைப் பணி அலுவலர். அவர் மனைவி சரோஜ் நளினி, 1913இல் பாப்னாவில் மகளிர் சமிதி தொடங்கி, கணவர் பணியாற்றிய ஊர்களில் எல்லாம் பெண்களைக் கூட்டி இயக்கியவர். 1925 ஜனவரியில் அவர் மறைந்தார். அதே ஆண்டில் தத்தர் மனைவியின் பெயரால் ஒரு நினைவுச் சங்கம் நிறுவினார்; மகளிர் சமிதிகளை ஊரூராகப் பரப்புவதே அதன் நோக்கம். அவர் வாழ்க்கை வரலாற்றையும் எழுதினார். அதன்பின் வந்த ஆண்டுகளில் வங்கச் சிற்றூர்களில் சுற்றி, நாட்டுப்புற ஆடல்களைப் போற்றினார். 1932இல் விரதசாரி இயக்கத்தைத் தொடங்கினார். பெயரறியாத பெண்கள் தைத்த காந்தாக்களைத் தேடித் தொகுத்தார். 1941இல் அவரும் மறைந்தார். அத்தொகுப்புக்கென 1963இல் கொல்கத்தாவின் தெற்கே ஜோகாவில் குருசதய் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. தன் தந்தைக்கென மானதாசுந்தரி என்னும் பெண் தைத்த காந்தா அத்தொகுப்பின் புகழ்பெற்ற அணிகலன்.

ஒரு பெண்ணை இழந்தவர், எண்ணற்ற பெண்களின் கைவேலையை அழியாமல் காத்தார். மனைவி தொடங்கிய பணியை அவர் தம் பணியாக்கிக்கொண்டார். இதைத் துரோகம் என்போமா? மறைந்தவர் நேசித்ததை நேசிக்கத் தொடங்குவதினும் உயர்ந்த அஞ்சலி எது?

தனிமை என்னும் எல்லை

இவ்வாறு கூறுவதனால் ஊசியும் வயலும் எல்லாத் துயரையும் தீர்க்கும் என்று கொள்ளலாகாது. கவிஞர் ஜசீமுத்தீன் 1929இல் வெளியிட்ட நக்ஷி காந்தார் மாட் என்னும் வங்கக் கதைப்பாட்டில், கணவன் ரூபாயைப் பிரிந்த சாஜு தன் வாழ்வு முழுவதையும் ஒரு காந்தாவில் தைக்கிறாள். இறக்கும் தறுவாயில் அதைத் தன் கல்லறைமீது விரிக்குமாறு தாயிடம் வேண்டுகிறாள். காந்தா அவள் துயருக்கு உருவம் தந்தது, அவளைக் காக்கவில்லை. உடனமர்ந்து தைப்பார் இல்லாத ஊசி அவ்வளவே செய்யும்.

மற்றொன்றும் நினைவில் இருத்தற்குரியது. ஊர்ப்புறம் சென்று ஆறுதல் பெறும் நாம், அவ்வயலில் குனிந்து நாற்று நடுபவளைக் காண்கிறோம். அவளும் மகனை இழந்திருக்கலாம். சில நாளிலேயே சேற்றில் இறங்கியிருக்கலாம். நமக்கு உலாவாக அமைவது அவளுக்குக் கூலி வேலை. துக்கம் கொண்டாட ஓய்வு கிடைப்பதும் ஒரு பேறு என்றுணர்ந்தால், நம் ஆறுதலில் பணிவு கலக்கும்.

நம் சங்கங்கள் செய்யத்தக்கது

ஆறுதலுக்கு உரைகல் இரண்டு எனலாம். இறந்தவரின் பெயரைச் சொல்ல அது நமக்கு வலிமை தருகிறதா? நம்மைப் பிறர்பால் திருப்புகிறதா? இவ்விரண்டும் செய்யும் ஆறுதல் அறமே. இவை இரண்டையும் செய்யாது நாளை மட்டும் போக்குவது மயக்கமே.

துயருற்ற வீட்டார் ஓராண்டு பொங்கலும் தீபாவளியும் கொண்டாடுவதில்லை. அதனை மதித்து, சங்க விழாவுக்கு நாம் அவர்களை வற்புறுத்தி அழைப்பதில்லை. அது பண்பே. ஆனால் விழாவுக்கு அழைக்காதவர்கள் வேறு எதற்கும் அழைப்பதில்லை. அவ்வீட்டார் ஓராண்டு முழுதும் தனித்துப் போகின்றனர். கணவனை இழந்தவளோ அதன் பின்னும் பின்வரிசையிலேயே ஒதுங்குகிறாள். விழா இல்லாத ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமை அவர்களோடு ஊர்ப்புறம் செல்லலாம். கட்டுச்சோறு எடுத்துச் செல்வோம். பழஞ்சேலை ஒன்றை விரித்து நால்வர் சுற்றி அமர்ந்து ஆளுக்கொரு மூலையாகத் தைக்கலாம். உங்கள் அம்மா எப்படி இருப்பார்கள் என்று ஒருவர் கேட்கட்டும். அவள் சொல்லத் தொடங்குவாள். இடையில் அழுவாள்; இடையில் சிரிக்கவும் சிரிப்பாள். அச்சிரிப்புக்கு அவள் அஞ்ச வேண்டாதபடி உடனிருப்பதே நம் கடன்.