வழியா, வலியா?



இந்த மாதம் என் சொந்தக் குற்றம் ஒன்றை உங்களிடம் அறிக்கை செய்ய விரும்புகிறேன். அதோடு ஒரு கேள்வி. ஒருவர் ஒரு வார்த்தையைத் தவறாக உச்சரித்தால் நாம் திருத்த வேண்டுமா, அல்லது விட்டுவிட வேண்டுமா?

எங்கள் பகுதி வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு ஒரு தாயார் வருவார்கள். பள்ளிக்கூடம் போனதில்லை. 1990-களில் நடந்த அறிவொளி வகுப்பில், பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டுப் போய் எழுத்துக் கற்றவர்கள். பல வருஷம் கூச்சப்பட்டு, போன வருஷம்தான் முதன்முதலாக வேதபாடம் வாசிக்க எழுந்தார்கள். யோவான் 14-ஆம் அதிகாரம். ஆண்டவர் தம்மை வழி என்று சொல்லுகிற இடத்தில், "வலி" என்று வாசித்தார்கள். பின்னால் இருந்த வாலிபர் இரண்டு பேர் சிரித்தார்கள். நான் உடனே, "வலி இல்லம்மா, வழி. நாக்கை மடிச்சுச் சொல்லுங்க" என்றேன். மறுபடியும் வலிதான் வந்தது. மறுபடியும் திருத்தினேன். மூன்றாம் தடவை அவர்கள் வேதத்தை மூடிவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

அன்று நல்ல காரியம் செய்ததாகவே நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அடுத்த நான்கு வாரம் அந்தத் தாயார் கூட்டத்துக்கு வரவில்லை. விசாரிக்கப் போனபோது, கோபமில்லாமல் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்கள். "வாசிக்கத் தெரியாதப்ப என்னைப் பார்த்து யாரும் சிரிக்கல தம்பி. வாசிக்க ஆரம்பிச்ச பிறகுதான் சிரிக்கிறாங்க."

பிரியமானவர்களே, அன்று இரவு நியாயாதிபதிகள் 12-ஆம் அதிகாரம் என் ஞாபகத்துக்கு வந்தது. யோர்தான் துறைகளில் கீலேயாத்தின் மனுஷர் காவல் நின்றார்கள். கடக்க வந்தவனை "ஷிபோலேத்" என்று சொல்லச் சொன்னார்கள். எப்பிராயீமனுடைய வாயில் "ஷ" வராது, "சிபோலேத்" என்றுதான் வரும். அந்த ஒரு எழுத்தை வைத்தே அவனைப் பிடித்து வெட்டினார்கள். அக்காலத்தில் விழுந்தவர்கள் 42,000 பேர் என்று வேதம் கணக்குச் சொல்லுகிறது. இரு பக்கத்தாரும் இஸ்ரவேலர், ஒரே தேவனுடைய ஜனம்! நான் பட்டயம் எடுக்கவில்லை, மெய்தான். ஆனால் அந்தத் தாயாரை மூன்று தடவை துறையிலே நிறுத்திச் சொல்லச் சொன்னது நான்தானே?

இத்தனைக்கும் அந்த வேதனை எனக்குத் தெரியாததல்ல. இருபத்திரண்டு வயதில் ஒரு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். எங்கள் ஊர் வாயில் "ஃப" என்கிற சத்தமே கிடையாது. "சார், எனக்கு பைல்ஸ் இருக்கு, கொண்டு வரட்டுமா?" என்று கேட்டேன். மேலதிகாரி, "டாக்டர்கிட்ட காட்டினியா?" என்றார். அறை முழுக்கச் சிரிப்பு. அதற்குப் பிறகு மூன்று மாதம் "அந்தக் கட்டு", "அந்தப் பேப்பர்" என்று சுற்றிவளைத்தே பேசினேன். ஃபைல் என்று சொல்ல நான் கற்றுக்கொள்ளவில்லை, பேசாமலிருக்கத்தான் கற்றுக்கொண்டேன்.

அப்படியானால் யாரையுமே திருத்தக் கூடாதா? அப்படியும் சொல்லமாட்டேன். திருவள்ளூர் போகவேண்டியவர் பஸ் நிலையத்தில் திருவாரூர் என்று கேட்டால், நாம் வாயை மூடிக்கொண்டிருப்பது அன்பாகாது. ஒன்று சென்னைக்குப் பக்கம், மற்றது காவிரி டெல்டாவில் இருக்கிறது. மருந்துக் கடையில் மாத்திரையின் பெயரை மாற்றிச் சொன்னால் உடனே சொல்லத்தான் வேண்டும். ஒருவருடைய பெயரை நாம் தப்பாகச் சொல்லுகிறோம் என்றால், அவரிடமே கேட்டுக் கற்றுக்கொள்ளுவதுதான் மரியாதை. மொழி கெட்டுப்போகுமே என்கிற கவலையும் நியாயமானதே. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு ழகரத்தைப் பொறுமையாகச் சொல்லிக்கொடுங்கள், அவர்கள் கற்கவே வந்திருக்கிறார்கள்.

ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் செய்ததைக் கவனியுங்கள் (அப்போஸ்தலர் 18). அப்பொல்லோ சாதுரியமாய்ப் பேசுகிறவர். அவருடைய நாவில் குறையில்லை, அறிந்திருந்த காரியத்தில்தான் குறை இருந்தது. அவர்கள் ஜெப ஆலயத்தில் எழுந்து நின்று தடுக்கவில்லை. அவரைத் தங்களோடே சேர்த்துக்கொண்டு விவரித்துச் சொன்னார்கள். திக்குவாயும் மந்தநாவும் உள்ள மோசேக்கோ, தேவன் நாவை மாற்றிக் கொடுத்ததாக வாசிக்கிறதில்லை. கூடப் பேச ஆரோனைக் கொடுத்தார்.

இன்னொன்று என் இருதயத்தை மிகவும் தொட்டது. நம்முடைய ஆண்டவரின் பெயர் எபிரெயத்தில் "யேஷுவா". புதிய ஏற்பாடு எழுதப்பட்ட கிரேக்க மொழியில் "ஷ" என்கிற சத்தம் கிடையாது. ஆகையால் அப்போஸ்தலர்கள் "ஸ" போட்டு "ஈயேசூஸ்" என்றே எழுதினார்கள். நாம் இயேசு என்கிறோம், ஆங்கிலேயர் ஜீசஸ் என்கிறார்கள். எப்பிராயீமன் எந்தச் சத்தத்தினால் செத்தானோ, அதே சத்தத்தில்தான் இரட்சகரின் நாமம் நம்மிடம் வந்து சேர்ந்தது! நம்மில் ஒருவரும் அதை எபிரெயத்தில் உள்ளபடி சொல்லுகிறவர்களல்ல. ஆனாலும் கூப்பிட்டபோது அவர் திரும்பிப் பார்த்தார் அல்லவா?

ஆகவே இப்போது வாயைத் திறக்குமுன் என்னையே கேட்டுக்கொள்ளுகிறேன். நான் சொல்லாவிட்டால் அவருக்கு நஷ்டமா, என் காதுக்கு மட்டும் நஷ்டமா? தனியாகச் சொல்லலாமே, நாலு பேர் முன்னால் ஏன்? என்னிடம் அவர் கேட்டாரா?

அந்தத் தாயாரிடம் மன்னிப்புக் கேட்டேன், கூட்டத்தார் முன்பாகவும் கேட்டேன். ஏனென்றால் அவமானப்படுத்தினது அங்கேதான். சிரித்த வாலிபர்களும் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். இப்போது மறுபடியும் வாசிக்கிறார்கள். சில வாரங்களுக்கு முன்பு அவர்களே, "தம்பி, அந்த எழுத்தை ஒருக்கா சொல்லிக் குடுங்க" என்று கேட்டார்கள். திண்ணையில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன். சில நாள் வழி வருகிறது, சில நாள் வலிதான் வருகிறது. நாங்கள் ஆமென் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

உங்கள் வீட்டிலும், வேலை ஸ்தலத்திலும், சபையிலும் உங்களால் வாயை மூடிக்கொண்ட ஒருவர் இருக்கிறாரா? இந்த வாரமே போய்ப் பாருங்கள். கர்த்தர் தாமே நம் நாவுகளைக் காப்பாராக. ஆமென்.