யாருடைய ஞாயிற்றுக்கிழமை?

ஓசூரில் ஒருவர் வீட்டுக்குப் போவதற்கு முன் அவருக்கு எந்த ஷிஃப்ட் என்று விசாரித்துவிட வேண்டும். நைட் ஷிஃப்ட் முடித்துப் படுத்திருப்பவரின் கதவைத் தட்டுவதைவிடப் பெரிய பாவம் இந்த ஊரில் கிடையாது. 1970களில் சிப்காட் வந்தது, 1980இல் டிவிஎஸ் 50 இங்கிருந்து ஓடத் தொடங்கியது, பின்னால் டைட்டன் வந்தது. அதிலிருந்து ஊரின் பொழுது கம்பெனி பஸ்ஸைப் பார்த்துத்தான் விடிகிறது. நான் குடியிருக்கும் வரிசையில் ஒரு போர்ஷனில் ஒடிசாக்காரர்கள், அடுத்ததில் ஜார்க்கண்ட் பையன்கள், மூன்றாவதில் விளாத்திகுளம் பக்கத்திலிருந்து வந்த நான். எல்லோரும் அட்வான்ஸ் கொடுத்து, வாடகை பேசி வந்தவர்கள். யாரும் யாருக்கும் விருந்தாளி இல்லை.

அதனாலோ என்னவோ, கூட வேலை பார்க்கும் தோழி ஒரு மார்கழிச் சனிக்கிழமை, தேன்கனிக்கோட்டைக்கு அப்பால் இருக்கும் தன் அம்மா வீட்டுக்குக் கூப்பிட்டபோது கொஞ்சம் தயங்கினேன். வாடகைக்காரியாக நடந்துகொள்ள எனக்குத் தெரியும். விருந்தாளியாக எப்படி இருப்பது? திருக்குறளில் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரமே உண்டு. அதில் பேச்செல்லாம் வீட்டுக்காரரிடம்தான். வந்து உட்கார்ந்து சாப்பிடுகிறவருக்கென்று ஓர் அதிகாரம் இல்லை.

அந்த வீட்டில் தங்களுக்குள் கன்னடம், என்னோடு தமிழ். எந்த நேரத்தில் யார் வாசலேறினாலும் "ஊட்டா ஆய்த்தா?" என்றுதான் முதல் கேள்வி. சாப்பிட்டாயிற்று என்ற பதிலை யாரும் காதில் வாங்குவதில்லை. எனக்காகக் கோழி அடித்தார்கள். களியை மெல்லாமல் விழுங்கத் தெரியாது என்று சந்தேகப்பட்டு எனக்கு மட்டும் தனியாகச் சோறும் வடித்தார்கள். (சந்தேகம் சரிதான்.) விருந்து நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் ஞாயிறு காலை கண்ணில் பட்டதெல்லாம் அந்த வீட்டின் களைப்பு.

பன்னேர்கட்டாவிலிருந்து குளிர்காலத்தில் ஜவளகிரிக் காட்டுப் பக்கம் யானைக் கூட்டம் இறங்கும். கேழ்வரகுப் போருக்கு ராத்திரி முழுக்கக் காவலிருந்த அப்பா அப்போதுதான் வந்து படுத்தார். அண்ணி பாலிஹவுஸுக்குக் கிளம்பினாள். பிப்ரவரி 14க்கு வெளிநாடு போகவேண்டிய ரோஜாவுக்கு இப்போதே கவாத்து முடிந்தாக வேண்டும், ஞாயிறு என்று பார்த்தால் ஆகாது. அம்மா எப்போது எழுந்தாரோ, நான் எழும்போது சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டுத் திரும்பியிருந்தார். வந்ததும் எனக்கு வெந்நீர் வைத்தார்.

1948இன் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை, ஒரு நாள் ஓய்வு என்று வகுத்தது. கிடைத்த அந்த ஒரு நாளைத்தான் தோழி எனக்குக் கொடுத்தாள். அவள் அம்மாவிடம் கொடுப்பதற்கு அப்படி ஒரு நாளே கிடையாது. கறவை மாட்டுக்கு வார விடுமுறை தெரியாது. ஏற்கெனவே நிரம்பியிருந்த அவருடைய நாளின் மேல் நான் போய் உட்கார்ந்திருந்தேன்.

கரீபியன் தீவான கியூபாவில் இதற்கு வேறு ஏற்பாடு. 1997 முதல் அங்கே வீட்டுக்காரர்கள் உரிமம் எடுத்து, வரி கட்டி, வெளியூராருக்குத் தங்கள் வீட்டிலேயே அறை விடலாம். வாசலில் நங்கூரம் போன்ற நீலக் குறி இருக்கும். ராத்திரிக்கு இவ்வளவு, சாப்பாட்டுக்குத் தனியாக இவ்வளவு. உபசாரத்துக்கு ரேட்டா என்று நம்மில் பலர் முகம் சுளிப்பார்கள். எனக்கு அதில் ஒரு நேர்மை தெரிகிறது. காலையில் எழுந்து காப்பி போடுவது வேலைதான் என்று அங்கே ஒத்துக்கொண்டுவிட்டார்கள். நம் ஊரில் அதற்கு அன்பு என்று பெயர் வைத்துவிடுகிறோம். அன்புக்குக் கூலி கேட்க முடியாது. சரி, இந்த அம்மா கையில் நான் ஐந்நூறு ரூபாயைத் திணித்திருக்க முடியுமா? அதற்குப் பிறகு அந்தத் தெருவில் கால் வைக்க முடியாது. வாங்கிப் போன ஸ்வீட் டப்பாவே அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குப் போய்விட்டது.

பணம் போகாத இடத்தில் கை போகலாம் என்று நினைத்தேன். அதுவும் சுலபமில்லை. மாடு புது ஆளைக் கிட்டே விடாது. அடுப்படியில் போய் நின்றால் இடைஞ்சல். "சும்மா உக்காரும்மா" என்று மூன்று பக்கமும் தடுத்தார்கள். கடைசியில் வழிவிட்டது அவரைக்கொட்டைதான். கேழ்வரகில் ஊடுபயிராக விதைத்த அவரை, பனி விழும் இந்த மாதங்களில்தான் காய்க்கும். சனி ராத்திரி ஊறப்போட்ட கொட்டையை ஞாயிறு காலை தோல் நீக்கிப் பிதுக்க வேண்டும். பிதுக்குப்பருப்புக் குழம்புக்கு அது ஒரு தாம்பாளம் நிறைய வேண்டும், எத்தனை கை இருந்தாலும் போதாது. அம்மா தாம்பாளத்தை என் பக்கமும் கொஞ்சம் நகர்த்தினார். அவர் கட்டைவிரலால் அழுத்தினால் பருப்பு முழுசாகத் துள்ளி விழுந்தது. என் விரலில் பாதி நசுங்கியது. நசுங்கினாலும் குழம்பில்தானே வேகப் போகிறது என்றார்.

அதுவரை அவர் நின்றுகொண்டும் நான் உட்கார்ந்துகொண்டும் இருந்தோம். "இன்னும் கொஞ்சம்", "போதும்மா" என்பதைத் தாண்டிப் பேச்சு போகவில்லை. இப்போது இருவரும் ஒரே பாயில். மகள் கம்பெனிக்குப் போன முதல் வாரம் தனக்குத் தூக்கம் வராதது, கொடுக்காமல் நிற்கும் ஒரு சீட்டுப் பணம், என் அம்மாவுக்கு மூட்டுவலி எந்தக் காலில் என்பது, எல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில் வந்தது. தாம்பாளம் காலியாகக்கூடாது என்றுகூட நினைத்தேன்.

கிளம்பும்போது எங்கள் ஊருக்கு வாருங்கள், அங்கிருந்து திருச்செந்தூர் பக்கம்தான் என்று கூப்பிட்டேன். முருகன் பேரைக் கேட்டதும் முகம் மாறியது. உடனே, "மாட்டை யாரும்மா கறப்பா?" என்றார். கல்யாணமாகி வந்த பிறகு, சாவு வீட்டுக்குத் தவிர வெளியூரில் ராத்திரி தங்கியதே இல்லையாம்.

ஓசூர் திரும்பும் பஸ்ஸில் தோழி செல்போனில் தன் விடுப்பு நாட்களை எண்ணிக்கொண்டே வந்தாள். சித்திரையில் இரண்டு நாள் ஒதுக்க முடியும் என்கிறாள். பள்ளிக்கூடம் முடித்ததோடு பால் கறப்பதை விட்டவள். அவளை அந்த மாடு கிட்டே விடுமா என்று இப்போதே போய்ப் பழகிப் பார்க்க வேண்டும்.