பதாகையும் மனச்சான்றும்

சில ஆண்டுகளுக்கு முன் நாம் ஒரு புதிய பங்கிற்குப் பணிமாற்றம் பெற்றுச் சென்றபோது, பேருந்து நிறுத்தத்தின் அருகே நம்மை வரவேற்று ஒரு ஃபிளக்ஸ் பதாகை நின்றது. நம் முகம் நம்மைவிடப் பன்மடங்கு பெரிதாக அதில் சிரித்தது. பதாகையின் மரக்கால்கள் நடைபாதையில் ஊன்றப்பட்டிருந்ததால், நடந்து வந்தோர் சாலையில் இறங்கி அதைச் சுற்றிச் சென்றனர். அன்று நாம் உற்றுப் பார்த்தது அவர்களை அல்ல. நம் பெயருக்கு முன் இளைஞர்கள் சேர்த்திருந்த அடைமொழியைத்தான். அது நமக்குப் பிடித்திருந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை.

2019 செப்டம்பர் 12ஆம் நாளைத் தாம்பரம், பல்லாவரம், மேடவாக்கம் பகுதி மக்கள் மறந்திருக்கமாட்டார்கள். பல்லாவரம் - துரைப்பாக்கம் ரேடியல் சாலையில், பள்ளிக்கரணை அருகே, அன்றைய ஆளுங்கட்சிப் பிரமுகர் ஒருவரின் இல்லத் திருமணத்திற்காகச் சாலையின் நடுத்திட்டில் பதாகைகள் வரிசையாக நிறுத்தப்பட்டிருந்தன. அவற்றுள் ஒன்று சரிந்து, பணி முடிந்து இருசக்கர வாகனத்தில் வந்துகொண்டிருந்த 23 வயதுப் பெண் பொறியாளர்மீது விழுந்தது. நிலைகுலைந்து வீழ்ந்தவர்மேல் பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியது. சாலைகளுக்குச் சாயம் பூச இன்னும் எத்தனை லிட்டர் இரத்தம் வேண்டும் என்று உயர் நீதிமன்றம் மறுநாள் அரசைக் கேட்டது.

சட்டம் இல்லாமற் போனதால் நேர்ந்த சாவு அல்ல இது. திறந்தவெளி இடங்களின் தோற்றம் கெடுவதைத் தடுக்கும் சட்டம் நம் மாநிலத்தில் 1959இலேயே வந்துவிட்டது. பதாகை வைக்க முன்கூட்டியே அனுமதி பெறவேண்டும், அனுமதி எண்ணையும் காலக்கெடுவையும் பதாகையிலேயே அச்சிடவேண்டும் என்ற விதிகளும் பின்னர் வந்தன. போதாததற்கு, ‘டிராஃபிக்’ ராமசாமி தொடுத்த வழக்கில், அரசியல் கட்சிகள் பதாகை வைக்க உயர் நீதிமன்றம் 2018 டிசம்பரில் இடைக்காலத் தடையும் விதித்திருந்தது. அத்தடைக்குப் பின் ஒன்பது மாதங்கள் கழித்தே பள்ளிக்கரணையில் அந்தப் பதாகை விழுந்தது.

இவ்விதிகளை நடைமுறைப்படுத்த இயலாது என்று சொல்லவும் வழியில்லை. தேர்தல் தேதி அறிவிக்கப்பட்டவுடன் ஜி.எஸ்.டி. சாலையில் நிகழும் மாற்றத்தை நாம் ஒவ்வொரு முறையும் காண்கிறோம். அரசுக் கட்டடங்களில் 24 மணி நேரத்திற்குள், பொது இடங்களில் 48 மணி நேரத்திற்குள், தனியார் இடங்களில் விதிமீறி இருப்பவை 72 மணி நேரத்திற்குள் அகற்றப்படவேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் ஆணை. பதாகைகள் இறங்குகின்றன, சுவரெழுத்துகள் சுண்ணாம்பில் மறைகின்றன, தலைவர்களின் சிலைகளுக்குக்கூடத் துணி சுற்றப்படுகிறது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை மூன்று நாளில் முடிகிற காரியம், மற்ற நாள்களில் ஏன் முடிவதில்லை?

விடை நம் மனச்சான்றுக்குள் இருக்கிறது என்று எண்ணுகிறோம். நாம் குருமடத்தில் அறநெறி இறையியல் பயின்ற நாள்களில், ‘வெறும் தண்டனைச் சட்டம்’ என்றொரு பழைய கருத்தைப் பற்றிப் படித்தோம். அதன் வேர், 13ஆம் நூற்றாண்டுத் தொமினிக்கன் சபையின் ஒழுங்குகளில் இருந்தது. எங்கள் ஒழுங்குகளை மீறுவது பாவமாகாது, தண்டனையை ஏற்றால் போதும் என்று அச்சபையார் வகுத்துக்கொண்டனர். துறவற இல்லத்து அமைதியைக் காக்க எழுந்த அக்கருத்தைப் பிற்காலத்து அறிஞர் சிலர் சுங்கம், வரி போன்ற அரசுச் சட்டங்களுக்கும் விரித்தனர். பிடிபட்டால் அபராதம் கட்டுவோம், பிடிபடாவிட்டால் பாவமில்லை. படித்தவர் சிலரே அறிந்த இக்கருத்தை நம் மக்கள் படிக்காமலேயே பின்பற்றுகிறார்கள் என்று எம் பேராசிரியர் ஒருவர் நகைப்பதுண்டு. பள்ளிக்கரணைச் சாவுக்குப் பின் அறிவிக்கப்பட்ட தண்டனை ஓராண்டுச் சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம். ஆயிரக்கணக்கில் செலவிட்டுப் பதாகை அடிப்பவருக்கு அந்த 5,000 ரூபாய், மரக்கொம்புக் கூலியோடு கூட்டிக்கொள்ளும் மற்றொரு செலவாகத்தானே தோன்றும்?

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்னும் ஏட்டின் 30ஆம் எண் இவ்வெண்ணத்தைக் கண்டிக்கிறது. உலக ஆயர்கள் கூடி எழுதிய அவ்வேட்டில், வாகன வேகத்திற்கு விதிக்கப்பட்ட வரம்பைப் பற்றிய பேச்சும் வருவது பலருக்கு வியப்பாயிருக்கும். உடல்நலம் காக்கும் விதிகளையும் வேக வரம்பையும் பொருட்படுத்தாதோர், தம் உயிரையும் பிறர் உயிரையும் இடருக்கு உள்ளாக்குவதை உணர்வதில்லை என்கிறது அப்பகுதி. பதாகை விதியும் அத்தகையதே. அது அரசின் கருவூலத்தைக் காக்கும் விதியன்று. நாம் முகமறியாத ஒருவரின் தலையைக் காக்கும் விதி.

“எல்லாரும் வைக்கிறார்கள், வழக்கமாகிவிட்டது” என்பார் உண்டு. வழக்கத்திற்கு மதிப்பு உண்டுதான். சட்டத்தைத் தளர்த்தும் ஆற்றல் மக்கள் வழக்கத்திற்கு உண்டு என்பதைப் புனித தோமா அக்குவினாவும் ஏற்கிறார். முப்பது ஆண்டுகள் தொடர்ந்து கைக்கொள்ளப்பட்ட வழக்கம் சட்ட வலிமை பெறலாம் என்கிறது 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு. ஆனால் அவ்வழக்கம் நியாயமானதாக இருக்கவேண்டும் என்ற நிபந்தனையும் உடன் வருகிறது. முப்பதன்று, முந்நூறு ஆண்டுகள் வைத்தாலும் நடைபாதையை மறிக்கும் பதாகைக்கு அந்த நியாயம் எங்கிருந்து வரும்?

இவற்றையெல்லாம் ஒரு திருவிழாவுக்கு முன் பங்குப் பேரவையில் எடுத்துரைத்தோம். கொடியேற்றத்திற்குச் சாலையில் பதாகை வேண்டாம், ஆலய வளாகத்திற்குள் வைத்துக்கொள்வோம் என்றோம். பெரியவர் ஒருவர் எழுந்தார். “சாமி, கட்சிக்காரங்க வைக்கிறாங்க, காதுகுத்துக்கு வைக்கிறாங்க. நாம வைக்கலேன்னா நாம இந்த ஊர்ல இருக்கிறதே யாருக்கும் தெரியாது. நமக்கு மட்டுந்தான் சட்டமா?” என்றார். அவர் கேள்வியில் அகந்தை மட்டும் இல்லை. எண்ணிக்கையில் சிறிய சமூகம் ஒன்று கண்ணில் படாமல் போய்விடுமோ என்ற அச்சமும் இருந்தது. அந்த அச்சம் பொய் என்று நம்மால் சொல்ல முடியவில்லை. “நம்மை வரவேற்று வைத்தபோது நாமும் தடுக்கவில்லை, ஐயா” என்று மட்டும் சொன்னோம். அவர் சிரித்துக்கொண்டே அமர்ந்தார். ஆனால் ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை.

அவ்வாண்டு பதாகைகள் மதிலுக்கு உள்ளேதான் நின்றன. திருவிழா விருந்தின் செலவை ஏற்பதாகச் சொல்லியிருந்த அன்பர் ஒருவர், தம் படம் சாலையில் வராது என்று அறிந்ததும் விலகிக்கொண்டார். அத்தொகையை வீடு வீடாகச் சென்று திரட்டினோம். சமையற்காரருக்குக் கொடுக்கவேண்டிய மீதியைத் தீர்க்க அடுத்த தவக்காலம்வரை ஆயிற்று.