வாக்கும் தவணையும்

ஓர் அரசாங்கம் தன் நாட்டிலுள்ள வேலையைத் தன் மக்களுக்கு முதலில் கொடுக்க நினைத்தால் அது அநீதியாகுமா? மகனை மருத்துவம் படிக்க வைத்து, சீமைக்கு அனுப்பிவிட்டு, அவன் வேலையின்றி இருப்பதாகக் கடிதம் கண்ட தகப்பனாரைக் கேட்டால் 'அநீதியே' என்பார். மார்க்கத்தின் அளவுகோல் கொண்டு பார்த்தால் விடை அவ்வளவு எளிதன்று.

இங்கிலாந்தின் தேசிய சுகாதாரத் துறை 1948-ல் தோன்றியது. ஆள் போதாத காலங்களிலெல்லாம் இந்தியா, பாகிஸ்தான் முதலிய நாடுகளின் மருத்துவர்களை அது அழைத்துக்கொண்டது. வேலை அனுமதிச் சீட்டு இல்லாமலே அங்கு மேற்பயிற்சி பெறலாம் என்ற விதியும் நெடுங்காலம் இருந்தது. அதை நம்பிப் பலர் கடன்பட்டுச் சென்று, பிளாப் தேர்வு எழுதிக் காத்திருந்தனர். 2006 மார்ச் 7-ஆம் நாள் அவ்விதி நீக்கப்படுவதாக அறிவிப்பு வந்தது. ஏப்ரல் 3-ல் அது நடைமுறைக்கும் வந்துவிட்டது. இடையில் நான்கு வாரங்கள்கூட இல்லை.

சொந்தப் பிள்ளைகளுக்கு முன்னுரிமை தருவதை நாம் குறை கூற இயலாது. செலவிடும்போது நெருங்கியவர்களிலிருந்து தொடங்குமாறு நம் மார்க்கமே நமக்குக் கற்பிக்கிறது. அங்கே படித்த இளைஞருக்கும் தாய் தகப்பன் உண்டன்றோ? எனவே விதியை மாற்றும் உரிமை அரசுக்கு உண்டு. பழைய விதியை நம்பி ஏற்கெனவே வந்துவிட்டவனை என்ன செய்வது என்பதே கேள்வி.

இங்கே தவ்பா அத்தியாயத்தின் தொடக்கத்தைச் சிந்திப்போம். ஹிஜ்ரி 9-ல் இணைவைப்போருடனான உடன்படிக்கைகள் முடிவுக்கு வந்தபோது, அது பகிரங்கமாக அறிவிக்கப்பட்டது. நான்கு மாதத் தவணையும் கொடுக்கப்பட்டது. உடன்படிக்கையில் குறை வைக்காதவர்களுக்கோ, அவர்களுடைய தவணை முடியும்வரை அதை நிறைவேற்றும்படி நான்காம் வசனம் கட்டளையிடுகிறது. பகைமை நிலவிய காலத்திலேயே இத்தகைய ஒழுங்கு என்றால், அழைப்பை ஏற்று நோயாளிக்குப் பணி செய்ய வந்தவனுக்கு எவ்வளவு அவகாசம் தந்திருக்க வேண்டும்!

அந்நாட்டு நீதிமன்றமும் இதையொட்டிய ஒரு வேறுபாட்டைக் கண்டது. உயர்திறன் குடியேறிகள் திட்டத்தின்கீழ் முறையாக அனுமதி பெற்றிருந்த மருத்துவர்களையும் பின்னுக்குத் தள்ளும்படி சுகாதாரத் துறை மருத்துவமனைகளுக்கு ஓர் அறிவுரை அனுப்பியது. இந்திய வம்சாவளி மருத்துவர் சங்கம் வழக்குத் தொடுத்தது. 2008 ஏப்ரல் 30-ல் பிரபுக்கள் சபை நீதிபதிகள் அவ்வறிவுரை சட்டவிரோதமானது எனத் தீர்ப்பளித்தனர். பயிற்சி விதியின் மாற்றம் நிலைத்தது. கொடுத்த அனுமதியைக் கொல்லைப்புற வழியாகப் பறிப்பதுதான் தடுக்கப்பட்டது.

காற்று பின்னரும் திசை மாறிக்கொண்டே இருக்கிறது. 2019-ல் எல்லா வகை மருத்துவர்களும் பற்றாக்குறைப் பட்டியலில் சேர்க்கப்பட்டனர். 2025 ஜூலையில் வெளியான 10 ஆண்டுத் திட்டமோ, மேற்பயிற்சி இடங்களில் அந்நாட்டில் பயின்றோருக்கு முன்னுரிமை என்றது. எனினும், தங்கள் மருத்துவமனைகளில் கணிசமான காலம் உழைத்த வெளிநாட்டவரையும் அம்முன்னுரிமையில் சேர்ப்பதாகக் கூறியது. உழைத்தவனை மறவாத அளவில் இது 2006-ஐவிட நீதிக்கு நெருக்கமானது.

அரசை மட்டும் கேட்டுவிட்டு நாம் தப்பிக்கொள்ளலாகாது. பிள்ளையை அனுப்பும் வீட்டாருக்கும் பொறுப்புண்டு. இன்றைய விதி நாளையும் இருக்கும் என்று எண்ணி, உம்மாவின் நகையையும் தங்கையின் திருமணத்திற்கென வைத்த பணத்தையும் ஒரே வாசலில் கொண்டு போய் வைப்பது தவக்குல் ஆகாது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வைச் சார்ந்திருக்கும்படியன்றோ பெருமானார் (ஸல்) அவர்கள் போதித்தார்கள்! புறப்படுமுன் விதியை விசாரிப்பதும், திரும்பி வந்தால் என்ன செய்வது என்று குடும்பத்தார் கூடிப் பேசுவதும் கயிறு கட்டுவதே.

மருத்துவக் கல்வி ஃபர்ளு கிஃபாயா என்பார்கள் இமாம்கள். ஊரில் ஒருவருமே அதைச் செய்யாவிட்டால் எல்லோர் மீதும் குற்றம் நிற்கும். ஏழை நாடுகளின் மருத்துவர்களைச் செல்வ நாடுகள் ஈர்த்துக்கொள்வதன் தீமையை எண்ணித்தான் உலக சுகாதார நிறுவனமும் 2010-ல் ஒரு நெறிமுறையை ஏற்றது. ஆகவே வாசல் அடைபட்டுத் திரும்பி வரும் மகனைத் தோற்றவனாகப் பார்க்காதீர்கள். அவன் கற்ற கல்வியின் மீது அவனுடைய ஊர் நோயாளிக்கும் ஹக்கு உண்டு. ரிஸ்க்கின் வாசல்கள் ஒரு நாட்டின் சுற்றறிக்கையில் அடங்கிவிடுவதில்லை.

வாக்கை நிறைவேற்றுவோராகவும், வாக்கை நம்பி வந்தவரை ஏமாற்றாதோராகவும் வல்ல அல்லாஹ் நம்மை ஆக்கி அருள்வானாக! ஆமீன்.