கல்லும் இயந்திரமும்

மாத்தளை மாவட்டத்தின் நாவுலைப் பகுதியிலுள்ள நாலந்தா கெடிகே என்னும் கற்கோயில் இன்று நிற்குமிடம், அது முதன்முதல் எழுப்பப்பட்ட இடமன்று. வயல்களின் நடுவே பல நூற்றாண்டுகள் நின்ற அக்கட்டடம், மகாவலித் திட்டத்தின்கீழ்ப் போவத்தென்னை நீர்த்தேக்கம் அமைக்கப்பட்ட வேளையில் கல் கல்லாகப் பிரிக்கப்பட்டு, நீர்மட்டத்துக்கு மேலான நிலத்தில் 1980 ஆம் ஆண்டளவில் மீளப் பொருத்தப்பட்டது. கி.பி. 8 ஆம் நூற்றாண்டுக்கும் 11 ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டதென அறிஞர் பலவாறு கணிக்கும் இக்கோயில் பல்லவர் பாணியைத் தழுவியது. பௌத்தச் சார்பும் திராவிடக் கோயிலமைப்பும் தம்முள் இயைந்து நிற்பது. மேற்கூரையின் கூட்டினுள் குபேரன் அமர்ந்திருக்கின்றான். இது எம்மரபினர்க்கு உரியது என்று வழக்காடுவோர் உளர். அவ்வழக்கு ஈண்டு வேண்டுவதன்று. இக்கோயில் எழுப்பும் வேறொரு வினாவே ஆராயத்தக்கது.

பொல்கொல்லையில் மறிக்கப்பட்ட மகாவலி நீர், மலையைத் துளைத்த சுரங்கவழியே உக்குவளைக்கு வந்து, அங்கு 1976 இல் இயங்கத் தொடங்கிய மின்நிலையத்தைச் சுழற்றியபின் சுது கங்கையிற் சேர்ந்து, அம்பன் கங்கை வழியாகப் போவத்தென்னையை அடைகின்றது. போவத்தென்னை மின்நிலையம் 1981 இல் இயங்கலாயிற்று. இரண்டும் ஏறத்தாழ 40 மெகாவாற்று வலுவுடையனவாக அமைக்கப்பட்டவை. ஆகவே மாத்தளையில் நிகழ்ந்தது யாதெனில், பாசனத்துக்கும் மின்னுக்குமாகப் பழஞ்சிற்பம் வழிவிட்டு ஒதுங்கியமையே.

உரோம் நகரில் இதன் மறுதலையைக் காணலாம். அங்கு ஒஸ்தியென்சே வீதியில் 1912 இல் திறக்கப்பட்டு, ஜியோவன்னி மொந்தமார்த்தினி என்னும் பொருளியலறிஞரின் பெயர் சூட்டப்பட்ட அனல்மின் நிலையம் 1963 இல் தொழில் ஒழிந்தது. கப்பித்தோலிய நூதனசாலையின் ஒரு பகுதி திருத்தப்பட வேண்டியிருந்தமையால், 1997 இல் அதன் சிற்பங்கள் பல இங்கு தற்காலிகமாகக் கொணரப்பட்டன. தற்காலிகம் நிலையாயிற்று. 1933 இல் நிறுவப்பட்ட இராட்சத டீசல் இயந்திரங்களின் முன்னே வெண்பளிங்குத் தெய்வங்கள் நிற்கின்றன. பெருந்திருமகளொருத்தியின் தலையும் கையும் பாதங்களுமே எஞ்சியுள்ளன. அவையும் மிகப் பெரியன. அப்பொல்லோ கோயிலின் முகப்பை அலங்கரித்த போர்க்காட்சிச் சிற்பங்களும் அங்கேயே உள்ளன. இவை கி.மு. 5 ஆம் நூற்றாண்டிற் கிரேக்கக் கோயிலொன்றுக்காகச் செதுக்கப்பட்டு, பின்னர் உரோமரால் பெயர்த்துக் கொணரப்பட்டவை. இடம்பெயர்தல் அவற்றுக்குப் புதிதன்று.

மின்னுக்காகச் சிற்பம் நகர்ந்தது ஓரிடத்தில். மின் ஓய்ந்த மனையிற் சிற்பம் குடிபுகுந்தது மற்றோரிடத்தில். பிறந்த இடத்தினின்றும் பிரிக்கப்பட்ட வடிவத்துக்கும், தொழில் ஒழிந்த இயந்திரத்துக்கும் 'பாதுகாப்பு' என்னும் பெயரால் இடமளிப்பது உண்மையில் மதிப்பளிப்பதா? அன்றி, அவை யாருடைய வாழ்வின் பகுதியாயிருந்தனவோ அவர்களை மறப்பதற்குக் கிடைத்த வசதியா?

கொழும்பிற் பிறந்து, 1917 முதல் அமெரிக்காவின் பொஸ்ரன் நூதனசாலையிற் பணியாற்றிய ஆனந்த குமாரசுவாமி இவ்வினாவை வேறொரு முனையிலிருந்து அணுகினார். பழைய கலைப்பொருள் எதுவும் நூதனசாலைக்கென ஆக்கப்பட்டதன்று, ஏதேனும் ஒரு பயன்கருதியே ஆக்கப்பட்டது, அப்பயனை அறியாது அழகை மட்டும் நுகர்வது அறியாமை என்பது அவர் கொள்கையின் சாரம். நூதனசாலையிலேயே வாழ்நாளிற் பெரும்பகுதியைக் கழித்த ஒருவர் இவ்வாறு கூறியமை நயமானது. எனினும் அவர் கூற்றிற் பெரிதும் உண்மையுண்டு. அவர் அவ்வளவாகக் கவனியாத ஒன்றும் உண்டு. பயன் ஒழிந்தபின் அப்பொருளின்பால் நமக்குள்ள கடமை யாது?

இதற்குச் சைவாகம மரபு ஒரு விடையைத் தன் செயல்முறையிலேயே வைத்திருக்கின்றது. திருப்பணி தொடங்குமுன் மூர்த்தியின் கலைகளைக் கும்பநீருக்கு ஆகருஷித்துப் பாலாலயத்தில் எழுந்தருளச் செய்வர். கல் வேறு, அதில் உறையும் தெய்வம் வேறு என்பது இம்மரபுக்கு உடன்பாடே. எனவே கல்லை அசைத்தல் தன்னளவிற் பாவமாகாது. ஆயின் அசைப்பவன் முதலில் விடைபெறல் வேண்டும். தான் செய்யப்போவது ஒரு பிரிவு என்பதை வாய்விட்டு ஒப்புக்கொள்ளல் வேண்டும். கருவிகொண்டு கல்லை அளந்து பிரித்து மீள அடுக்குவதில் நுட்பம் உண்டு, பொறுமையும் உண்டு, விடைபெறுதல் இல்லை. எகிப்தின் அபு சிம்பெலிலும் (1964-68), நாகார்ஜுன சாகர் அணையின் நீரில் மூழ்கிய ஆந்திரத்து நாகார்ஜுனகொண்டாவிலும் இவ்வாறே நிகழ்ந்தது. இவற்றையெல்லாம் 'காப்பாற்றினோம்' என்கிறோம். எதனிடமிருந்து? ஆபத்தை விளைவித்த கையே மீட்ட கையாகவும் தோன்றுவது இச்சொல்லின் சாமர்த்தியம். வரட்சியால் வாடும் கமக்காரனுக்கு நீர் வேண்டியிருந்தது. ஆகவே கெடிகேயை நகர்த்தியது தவறெனல் பொருந்தாது. ஆனால் சரியான செயலிலும் இழப்புண்டு என்பதை மறைக்கும் மொழி நேர்மையுடையதன்று.

இயந்திரத்தின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. மொந்தமார்த்தினியில் இயந்திரங்களை அகற்றாது விட்டமை பாராட்டத்தக்கதே. சுவரை வெள்ளையடித்துக் கூடத்தை வெறிதாக்கியிருப்பின் அது பொய்ம்மையாயிருக்கும். எனினும் துடைத்து மெருகிட்ட அவ்விரும்பிற் கரியில்லை, வெக்கையில்லை, அதனருகே இராப்பகலாய் நின்றவனின் வியர்வையில்லை. பளிங்கைச் செதுக்கியவன் பெயரும் பெரும்பாலும் தெரியாது. கொதிகலனுக்கு எரிபொருள் ஊட்டியவன் பெயரும் தெரியாது. பெயரற்ற இருவரின் உழைப்பு ஒரே கூரையின்கீழ்ச் சந்திக்கின்றது. காண்பவன் முன்னதைக் கலை என்றும் பின்னதைப் பின்னணி என்றும் பகுத்துக்கொள்கின்றான். இப்பகுப்புக்கு அழகு மட்டுமே காரணமன்று. தொன்மையும் ஒரு காரணம். இரண்டாயிரம் ஆண்டு கழிந்த உழைப்பு நம்மிடம் கூலி கேளாது. ஐம்பதாண்டுக்கு முந்திய உழைப்பின் பேரப்பிள்ளைகளோ இன்னும் அயலில் வாழ்கின்றனர்.

இது மாத்தளை வாசகர்க்குத் தொலைதூரச் செய்தியன்று. கண்டிக்கு அருகே ஹந்தானையில் 1925 இல் கட்டப்பட்டுப் பின்னர் கைவிடப்பட்ட தேயிலைத் தொழிற்சாலை 2001 இல் தேயிலை நூதனசாலையாயிற்று. அங்கு பழைய இயந்திரங்களும் ஜேம்ஸ் ரெயிலர் பயன்படுத்திய பொருள்களும் காட்சிக்குள்ளன. தோட்டமக்கள் 'இஸ்டோர்' என வழங்கும் அத்தகைய கட்டடத்தைக் காக்க முனைந்தமை நன்றே. மாத்தளை மலைகளிலும் நாளை ஒரு கட்டடம் இவ்வாறு மாறலாம். அதனுட் பழஞ்சிற்பங்களையும் வைக்கலாம். வைப்போர் ஒன்றை நினைத்தல் தகும். பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களுக்கென மன்னார்க் கரையில் இறங்கிய தமிழ்க் கூலிமக்கள், தம்புள்ளை, நாலந்தா வழியாகவே மாத்தளைக்கு நடந்து வந்தனர். பசியாலும் வாந்திபேதியாலும் வழியில் மாண்டோர் பலர். கெடிகே அவ்வழிக்கு அண்மையில் வயல்நடுவே நின்றது. அக்கோயிலின் ஒவ்வொரு கல்லுக்கும் பின்னாளில் மறுமனை கிடைத்தது. வழியில் விழுந்தவர்க்கு அன்று ஒரு நடுகல்லும் நாட்டப்படவில்லை.

மொந்தமார்த்தினியில் உள்ள சிற்பங்களுள் ஒன்று, தன் முன்னோர் இருவரின் தலையுருவங்களைக் கைகளில் ஏந்தி நிற்கும் உரோமப் பெருமகன் ஒருவனுடையது. முன்னோரை மறவாதவன் என்று உலகுக்குக் காட்டவே அவன் அவ்வாறு செதுக்கப்பட்டான். அவன் தோள்மீது இன்றுள்ள தலை அவனுடையதன்று. வேறொரு பழஞ்சிலையிலிருந்து பின்வந்தோர் எடுத்துப் பொருத்தியது.

போவத்தென்னையில் தேங்கும் நீரின் ஒரு பகுதி இன்றும் தம்புள்ளைப் பக்கமாகத் திரும்பி, தாதுசேனன் 5 ஆம் நூற்றாண்டிற் கட்டுவித்த கலாவாவிக்குச் செல்கின்றது.