ஒரு திர்ஹம் சோற்றுக்கு, ஒரு திர்ஹம் கோடரிக்கு

றமழான் மாதம் நெருங்கினால் கொழும்பை அடுத்த கொலன்னாவைப் பக்கத்தில் ஸகாத் என்ற கட்டாயத் தர்மம் பற்றிய பேச்சும் சூடு பிடிக்கும். பழைய வழக்கம் எல்லோரும் அறிந்ததுதான். வசதியுள்ளவர் வீட்டு வாசலில் வரிசை நிற்கும், கையில் நூறோ ஐநூறோ விழும், அடுத்த வருடமும் அதே முகங்கள் வரும். இது போதாது என்று கண்ட பள்ளிவாசல் ஜமாஅத்துகள் இலங்கையின் பல ஊர்களில் கூட்டு ஸகாத்துக்கு மாறின. தனித்தனியாகப் போன பணத்தை ஓரிடத்தில் திரட்டி, ஒரு குடும்பத்துக்குத் தையல் மெஷின், இன்னொன்றுக்குத் தள்ளுவண்டி, வேறொன்றுக்குச் சில்லறைக் கடைச் சாமான் என்று கொடுக்கிறார்கள்.

நல்ல மாற்றம்தான். ஆனால் கூடவே ஒரு கேள்வியும் வருகிறது. உதவி பெறுகிறவரைப் பார்த்து "இனி நீ உழைக்கத்தான் வேண்டும்" என்று சொல்லும் உரிமை கொடுக்கிறவருக்கு உண்டா?

குத்பாக்களில் அடிக்கடி சொல்லப்படும் ஒரு சம்பவம் அபூதாவூதின் ஹதீஸ் தொகுப்பில் பதிவாகியிருக்கிறது. அன்சாரி ஒருவர் நபிகளாரிடம் உதவி கேட்டு வருகிறார். அவர் வீட்டில் இருந்தவை ஒரு முரட்டுத் துணியும் தண்ணீர் குடிக்கும் கிண்ணமும். பாதித் துணியை விரித்துப் பாதியைப் போர்த்திக்கொள்ளும் வறுமை. நபிகளார் இரண்டையும் கொண்டுவரச் சொல்லி அங்கேயே ஏலம் விடுகிறார். இரண்டு திர்ஹம் கிடைக்கிறது. ஒன்றில் குடும்பத்துக்கு உணவு வாங்கிக் கொடு, மற்றதில் கோடரி வாங்கி வா என்கிறார். வாங்கி வந்த கோடரிக்குத் தம் கையாலேயே காம்பு போட்டுக் கொடுக்கிறார். விறகு வெட்டி விற்கப் போன மனிதர் பதினைந்து நாள் கழித்துப் பத்துத் திர்ஹத்தோடு திரும்பி வருகிறார்.

பிச்சை இழிவு, உழைப்பு உயர்வு என்று சொல்லிப் பலரும் இந்த இடத்திலேயே கதையை முடித்துவிடுகிறார்கள். ஆனால் முதல் திர்ஹம் சோற்றுக்குப் போனது. பசித்த வீட்டை அப்படியே விட்டுவிட்டு யாரும் அந்த மனிதரைக் காட்டுக்கு அனுப்பவில்லை. ஹதீஸின் கடைசிப் பகுதியோ, கொடிய வறுமையில் கிடப்பவர், கடனில் மூழ்கியவர், இரத்த ஈட்டுத்தொகைப் பொறுப்பைச் சுமப்பவர் ஆகியோர் கேட்கலாம் என்று அனுமதியும் தருகிறது. படுத்த படுக்கையாக இருக்கும் உம்மாவையும், அவரை விட்டு நகர முடியாத மகளையும் உழைக்கச் சொல்லி நெருக்குவதற்கு இந்த ஹதீஸில் இடமே இல்லை.

எவ்வளவு கொடுப்பது என்ற கேள்விக்கு ஷாபிஈ மத்ஹப் என்ற சட்ட மரபில் துணிச்சலான விடை இருக்கிறது. இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றுவதும் அந்த மத்ஹபைத்தான். 13ஆம் நூற்றாண்டில் சிரியாவில் வாழ்ந்த இமாம் நவவி தம் 'அல்மஜ்மூஃ' நூலில் தொழிலுக்குத் தொழில் அளவு காட்டுகிறார். கீரை விற்பவருக்கு ஐந்தோ பத்தோ திர்ஹம் போதும்; மாணிக்க வியாபாரிக்குப் பத்தாயிரம்; ரொட்டி சுடுபவர், அத்தர் வியாபாரி போன்றோருக்கு அவரவர் தொழிலின் விகிதப்படி. கைத்தொழில் தெரிந்தவருக்கு அதற்கான கருவி. பெறுகிறவர் மறுபடி கேட்டு வரத் தேவையில்லாத அளவுக்குக் கொடுப்பதுதான் நோக்கம். கொடுத்தது வாங்கியவருக்கே சொந்தம், திருப்பிக் கேட்கப்படுவதில்லை. ஏழைப் பெண்களை வட்டியில் அமிழ்த்திய நுண்கடன்களை நினைத்தால் இந்த வேறுபாட்டின் பெறுமதி விளங்கும். 2018இல் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாய் வரையான பெண்களின் கடன்களை அரசே ஏற்க நேர்ந்தது.

பக்கத்து விகாரையில் ஓதப்படும் பௌத்த நூலான தீக நிகாயத்திலும் இதற்கு இணையான ஒரு கதை உண்டு. கூடதந்த சுத்தத்தில் கள்வர் தொல்லையால் நாடு அலைக்கழிகிறது. அரசனோ பெரிய யாகம் ஒன்றை நடத்த எண்ணுகிறான். தண்டனையால் களவு ஒழியாது, உழவருக்கு விதை கொடு, வணிகருக்கு முதல் கொடு, சேவகருக்குச் சம்பளம் கொடு என்கிறார் புரோகிதர். யாகம் அதற்குப் பிறகுதான்.

1989இல் ஜனாதிபதி பிரேமதாச தொடங்கிய ஜனசவிய வறுமை ஒழிப்புத் திட்டத்தில் அந்த இரண்டு திர்ஹக் கணக்கின் சாயலைக் காணலாம். குடும்பத்துக்கு மாதம் 2,500 ரூபாய், இரண்டு வருடத்துக்கு. அதில் 1,458 ரூபாய் உணவுக்கும் செலவுக்கும், மீதி தொழில் முதலுக்கு. முடிவில் 25,000 ரூபாய் சேர்ந்திருக்க வேண்டும். அதை அரசு ஒரேயடியாகக் கையில் கொடுக்கவில்லை. கோடரிக்கான திர்ஹம் கடதாசியிலேயே நின்றுவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். பிறகு 1995இல் சமுர்த்தி நிவாரணத் திட்டம் வந்தது, 2023 ஜூலையில் அஸ்வெசும கொடுப்பனவு. இன்றைய பட்டியலில் மிக வறிய குடும்பத்துக்கு மாதம் 17,500 ரூபாய், 2025 ஜனவரிக்கு முன் 15,000. சோற்றுக்கு இது அவசியம், குறைக்கவே கூடாது. ஆனால் கருவிக்கு இதிலிருந்து எதை மிச்சம் பிடிப்பது?

காம்பு போடும் கை இன்னும் அரிது. 1989இல் கொழும்பின் சேரித் தோட்டங்களில் பிறந்த மகளிர் வங்கி அதைப் புரிந்துகொண்டது. அயல்வீட்டுப் பெண்கள் சிறு குழுவாகக் கூடுவார்கள், வாரம் ஐந்து ரூபாய் சேமிப்பார்கள், யாருக்கு எதற்குக் கடன் என்பதையும் தாங்களே தீர்மானிப்பார்கள். இடியப்பம் அவித்து ஹோட்டலுக்குக் கொடுக்கும் பெண்ணுக்கு கேஸ் தீரும் நாளும், கடைக்காரர் காசைத் தள்ளிப்போடும் நாளும் அந்தக் குழுவுக்குத் தெரியும். விண்ணப்பப் படிவத்தில் இவற்றுக்குக் கட்டம் கிடையாது.

கொலன்னாவையில் இதையெல்லாம் மீறி ஒரு சிக்கல் உண்டு. அது களனி கங்கை. 2016 மே வெள்ளத்தில் இப்பகுதி வீடுகளுக்குள் தண்ணீர் நாட்கணக்காக நின்றது. ஆபத்து கங்கையால் மட்டுமல்ல: அடுத்த வருடம் சித்திரைப் புத்தாண்டன்று இங்குள்ள மீதொட்டமுல்லை குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். இத்தகைய நிலத்தில் மெஷினைக் கொடுத்துவிட்டுப் பட்டியலில் பெயரை வெட்டுவதோடு ஒரு ஸகாத் குழுவின் பொறுப்பு தீர்ந்துவிடாது. மோட்டாருக்குள் சேறு புகுந்த மெஷினைத் திருத்தவும், தொழில் நின்ற மாதங்களுக்குச் சோறு போடவும் ஒரு பங்கைத் தனியே வைத்திருக்க வேண்டும். தண்ணீர் வடிந்த பிறகு மெஷின் வாங்கிய பெண் இரண்டாம் முறையாக வந்து கேட்டால், "போன முறை தந்ததை என்ன செய்தாய்?" என்று யாரும் அவளிடம் கேட்கக் கூடாது.